காலிலிருந்து வந்த நரம்பு

ஆபரேஷன் முடிந்து தணிகாசலத்தின் இதயத்துக்கு இரண்டு பேர் புதுக் குடித்தனம் வந்தார்கள். ஒன்று, கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாக வைத்த உலோக வால்வு. இன்னொன்று, அடைபட்ட ரத்தக்குழாய்க்கு மாற்றுப்பாதையாக, அவர் காலிலிருந்தே உருவித் தலைகீழாகத் தைத்த நரம்பு.

வால்வு டிக்டிக்கென்று அலட்டிக்கொண்டதில் நரம்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேற்று வந்த உனக்கு இவ்வளவு வாயா? ஆயுசு முழுக்க இவருக்கு உழைத்தது நான். இவர் வாயாலேயே கேள்," என்றது.

பார்க்க வந்த மைத்துனரிடம் தணிகாசலம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "வெளிநாட்டு வால்வு மச்சான், சத்தம் கேக்குதா?" பிறகு காலைக் காட்டி முகம் சுளித்தார். "நெஞ்சுக்கு வைத்தியம் பார்க்க வந்தா, காலை எதுக்குக் கிழிச்சாங்கன்னுதான் புரியல."

அவர் புலம்பி முடிக்கும்வரை நரம்பு பல்லைக் கடித்துக்கொண்டு அவர் இதயத்துக்கு ரத்தம் ஊட்டியது.