திரும்பியது எட்டு

2003 மே. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி லேபில் சகாயசெல்வி தனியாக உட்கார்ந்து, தான் எழுதிய கெர்னலை, கணினியை இயக்கும் மைய நிரலை, சோதித்துக்கொண்டிருந்தாள். தடுக்கவே முடியாத இன்டரப்ட், அதாவது குறுக்கீடு, ஒன்று உண்டு. அது வந்தால் கெர்னல் கைவேலையை நிறுத்தி, அதைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அதை வரவழைக்கும் பொத்தானை ஏழு முறை அழுத்தினாள்.

"வந்தது ஏழு, திரும்பியது எட்டு" என்று திரை காட்டியது.

நிரலை வரிவரியாகப் படித்தாள். பிழை எதுவும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு லேபைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

கேட்டில் வாட்ச்மேன் அழகர்சாமி எழுந்து நின்றார்.

"ஏம்மா, செத்த முன்னாடிதான வீட்டுக்குப் போறேன்னு போனீக? எப்பத் திரும்பி வந்தீக?"

"இல்லண்ணே, இப்பத்தான் வெளிய வாரேன்."

அவர் நோட்டைக் காட்டினார். உள்ளே வந்ததற்குக் காலையில் ஒரு கையெழுத்து. வெளியே போனதற்கு, இரண்டரை மணிக்கு, அவளுடைய கையெழுத்தே இருந்தது. அதன் கீழே இன்னொரு முறை போட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினாள்.

பக்கத்து வீட்டில் விட்டுப் போன மகளை அழைக்கப் போனாள்.

"நீதான அப்பவே கூட்டிட்டுப் போன?" என்றாள் அந்த வீட்டு அக்கா.

காலையில் பூட்டிய தன் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மகள் சிரிப்பது கேட்டது. சகாயசெல்வி மெதுவாகத் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து சகாயசெல்வியின் குரலே கேட்டது.