துடைத்த தடம்

"இன்னும் ஒருத்தரும் வரலையே, கிளைட்?"

ஜீப்பின் பின்சக்கரங்கள் மணலில் பாதி புதைந்து கிடந்தன. போனில் டவர் இல்லை. எதிரே மெக்சிகோ எல்லை வேலி வெயிலில் நெளிந்தது.

"வருவாங்க, பொறு," என்றான் என் கணவன்.

"எப்போ? எல்லைக் காவல்காரங்க தினமும் வண்டியில பழைய டயரைக் கட்டி இழுத்து ரோந்துப் பாதையைச் சமமாக்குறாங்க. யார் தாண்டினாலும் தடம் தெரியணும்னுதானே? முயல் ஓடினாக்கூட இறங்கிப் பார்ப்பாங்க. நம்ம ஜீப் பாதையை விட்டு இறங்கின தடம் மட்டும் தெரியலையாக்கும்."

கிளைட் தொப்பியால் விசிறிக்கொண்டான்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோந்து வண்டியின் இரைச்சல் கேட்டது. ஹாரனை விடாமல் அழுத்தினேன். எதிர்க்காற்றில் எடுபடவில்லை. தூசி எழுந்து, நிற்காமலே நகர்ந்து மறைந்தது.

"கண்ணு அவிஞ்சா போச்சு அவங்களுக்கு?"

"அவங்களைத் திட்டாதே, லோர்னா."

"பின்னே யாரைத் திட்டச் சொல்றே?"

அவன் ஜீப்புக்குப் பின்னால் கிடந்த, இலையோடு ஒடித்த கிளையைப் பார்த்தான்.

"பாதையை விட்டு இறங்கினா அபராதம் போடுவாங்கள்ல? அதான், நீ கள்ளிப் பூவைப் படம் எடுத்துட்டிருந்தப்ப, அந்தக் கிளையை ஒடிச்சு ரோந்துப் பாதை வரைக்கும் தடத்தைத் துடைச்சுட்டு வந்தேன். ஒரு கோடுகூடத் தெரியாது."