நிலாவுக்குப் போகிறவள்

நிலாவில் பெண்களே நடத்தும் ஊரிலிருந்து, "உங்க வீட்டுல ஒருத்தருக்கு இடம் கிடைச்சிருக்கு" என்று போன் வந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆண்களுக்கு அங்கே அனுமதி கிடையாது.

"அம்மா, இந்த வீட்டுல அவளுக்கு என்ன குறை?"

அம்மா துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அங்கே அவங்கவங்க வேலையை அவங்கவங்களே பாத்துக்கறாங்களாம்டா."

"மருமகளுக்குப் பரிஞ்சு பேசறியே! போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவன் மனைவி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, உங்க வண்டி வந்துடுச்சு."

அம்மா பெட்டியை மூடினாள்.

"நீயாம்மா?" அவன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "உன்னை வந்து பாக்கக்கூட முடியாதே!"

அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"தினமும் போன் பண்ணுடா. ஆனா, 'என் சட்டை எங்கே'ன்னு கேட்டா வெச்சுடுவேன்."