உள்ளங்கைக்கு ஒரு கோப்பை

பைபாஸ் ஓரத்து இருபத்துநாலு மணி நேரக் கடையில், பனிக்கூழ் சர்பத் தரும் உறைபான இயந்திரம் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத்தான் நன்னாரி சர்பத் சேர்க்கும். உடம்பில் சர்க்கரை ஏறியவர்களுக்கு வெறும் பனித்தூள்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோப்பை.

கடையைத் துடைக்கும் செண்பகவல்லிக்கு ஒரு கோளாறும் கிடையாது. அதனால் தினமும் மாலை நான்கு மணிக்கு, சர்க்கரை ஏறிய பஸ் டிரைவர் பெஞ்சமின் தன்னைப் போன்ற மற்ற டிரைவர்களோடு வந்து நிற்பார்.

“கொஞ்சம் கையை வைம்மா.”

அவள் வைப்பாள். வந்த கோப்பையை டிரைவர்கள் வரிசையாக நின்று, உதடு படாமல் அண்ணாந்து, ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக்கொள்வார்கள். இரண்டு வருடங்களாக அவளுக்கு ஒரு சொட்டும் மிஞ்சியதில்லை.

இன்று பெஞ்சமின் தன் கையையே வைத்தார். கோப்பை பழுப்பாக நிரம்பியது.

“ஆறு மாசமா விடியக்காலைல நடக்குறேன்” என்றவர், குடிக்காமல் அவளிடம் நீட்டினார். “மொத வாய் உனக்கு.”

செண்பகவல்லி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். கண்கள் விரிந்தன.

“அடப்பாவிகளா! இதையா தினமும் உங்களுக்குத் தூக்கிக் குடுத்தேன்?”

சொன்ன கையோடு தன் உள்ளங்கையையும் இயந்திரத்தில் வைத்தாள். அந்தக் கோப்பை வரிசைக்குப் போகவில்லை.