விளக்கு எரியாத இடுப்பு

நர்சிங் கல்லூரிக்கு, ஊசி போட்டுப் பழக, புதிதாக ஒரு ரப்பர் இடுப்பு வந்தது. ஊசி நரம்புப் பக்கம் போனால் அதில் சிவப்பு விளக்கு எரியும். ஒரே வாரத்தில் மாணவிகள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

"இத்தனை நாளா போர்டுல நரம்பு வரைஞ்சு வரைஞ்சு உனக்கு மைதான் வீணாச்சு" என்று மார்க்கர் பேனாவிடம் அது பீற்றிக்கொண்டது.

மறுநாள் ஜெசிந்தா என்ற மாணவியின் சட்டைப்பையில் பேனா முதல்முறையாக வார்டுக்குப் போனது. திரும்பி வந்ததும் மேசையில் பொத்தென்று விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றது ரப்பர் இடுப்பு.

"ஜெசிந்தா ஒரு பெரியவருக்கு இடுப்புல ஊசி போட்டா. அவர் தலையணையைக் கடிச்சுக்கிட்டார். கண்ணுல தண்ணி. கால் வெட்டி வெட்டி இழுக்குது. இவ பாட்டுக்கு மருந்தை ஏத்திக்கிட்டே இருக்கா!"

"ஐயையோ! அவ பார்க்கவே இல்லையா?"

"கண் இமைக்காம பார்த்தா. இடுப்பையேதான். விளக்கு எரியலையாம்."

"முகத்தைப் பார்க்கணும்னு அவளுக்குத் தோணலையா?"

பேனா ரப்பர் இடுப்பை நிமிர்ந்து பார்த்தது. அதற்கு மேலே எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருந்தார்கள்.