வீட்டின் சத்தம்

கோம்பையில் ஒச்சாண்டி வீட்டுக் கூடத்தில் குறும்படத்தின் கடைசிக் காட்சி எடுத்து முடிந்திருக்கிறது. ஆனாலும் ஒலிப்பதிவு செய்கிற ரஃபியா யாரையும் கிளம்ப விடவில்லை. "ஒரு நிமிசம் யாரும் பேசாதீக, அசையாதீக. இந்த வீட்டோட அமைதியப் பதியணும். வசனத்துக்கு நடுவுல வைக்க வேணும்." போன படத்தைச் செல்போனிலேயே எடுத்ததில் காற்றிரைச்சல்தான் மிஞ்சியது, இந்தப் படத்துக்குத் தனி மைக், தனிக் கருவி. "சும்மா இருக்கிறதக் கூடவா பிடிச்சு வைப்பீக?" என்று சிரிக்கிறார் வீட்டுக்காரர் ஒச்சாண்டி. மின்விசிறி நிற்கிறது. கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெயில் தரையில் சதுரமாகக் கிடக்கிறது. கருவியின் திரையில் சத்தத்துக்குத் துள்ளும் பச்சைக் கோடு அசையாமல் படுத்திருக்கிறது. கூடத்தை இரண்டாக்கிய பாகச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள். ஒச்சாண்டியின் தம்பி வீரணன்தான். சொத்து பிரித்ததிலிருந்து ஒன்பது வருடமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. "இருமல் விழுந்துருச்சு. இன்னொருக்கா போவோம்" என்கிறாள் ரஃபியா. மறுபடியும் எல்லோரும் சிலையாகிறார்கள். இந்த முறை இருமல் வரவில்லை. இருபது விநாடி, நாற்பது விநாடி. ரஃபியாவின் முகம் தெளிகிறது. ஒச்சாண்டி மட்டும் சுவர்ப் பக்கமாகத் தலையைச் சாய்க்கிறார். மதியத்தில் இத்தனை நேரம் அவன் இருமாமல் இருந்ததே இல்லை. ஐம்பதாவது விநாடியில் அவர் குரல் கூடத்தை உலுக்குகிறது. "ஏலே வீரணா, இருக்கியா?" பச்சைக் கோடு துள்ளி எழுந்து அடங்குகிறது. ரஃபியா கருவியை நிறுத்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடுகிறது. கோடு மறுபடி லேசாக அசைகிறது.