அறுக்காமலே தெரியும்

ராயபுரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேம்புவின் பழக்கடையைப் பக்ருதீன் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். கூட வந்த மச்சினி நவ்ரீன் பல்லைக் கடித்தபடி நின்றாள்.

"இந்தச் சாத்துக்குடி வேணாம். மேல பளபளன்னு கீது, உள்ள வெறும் சக்கை."

"அறுக்காமலே எப்டி பாய் சொல்றே?" வேம்பு சீறினாள்.

"கைல எடுத்தா கனமே இல்ல. என்னையா ஏமாத்துவே?"

"யாருக்கு பாய் இவ்ளோ பொறுக்கறே?"

"உள்ள படுத்துகினு கீற என் சம்சாரத்துக்கு. நல்லதா பாத்து எடுக்க வேணாமா?"

நவ்ரீன் வெடித்தாள்.

"வயித்த வலிக்குதுன்னு எங்கக்கா ஒரு வருஷமா அழுதாளே மச்சான்! 'பாக்க நல்லாத்தானே கீறே, நடிக்காத'ன்னு சொன்னது யாரு? நாளைக்கு அவளை டாக்டர் அறுத்துத்தான் பாக்கப் போறாரு!"